தோழமை கட்டிய துறவு இல்லம்



எல்லாம் முடிந்துவிட்டதென நாம் கலங்கி நிற்கும் வேளையில், இறைவன் பல தடவைகளில் ஒரு துணையை அனுப்பியே நமது வாழ்வை மீண்டும் தொடங்கி வைக்கின்றார். உரோமை நகரின் உயர்குடியில் பிறந்த புனித மார்செல்லாவின் வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது.

மணமாகி ஏழாம் மாதத்திலேயே அவர் கணவரை இழந்தார். செரேயாலிஸ் என்னும் செல்வமிக்க முதியவர் தமது உடைமைகளைத் தருவதாகக் கூறி அவரை மணக்க விரும்பினார். தாம் மணவாழ்வை நாடினால் கணவரையே தேடுவேனன்றிச் சொத்தைத் தேடேன் என மார்செல்லா மறுத்துவிட்டார். அவந்தீன் குன்றிலிருந்த அவரது மாளிகை செப இல்லமாயிற்று. 382ஆம் ஆண்டில் உரோமைக்கு வந்த மறைவல்லுநர் புனித ஜெரோம், அங்கு கூடிய பெண்களுக்குத் திருநூலை விளக்கினார்.

385ஆம் ஆண்டில் ஜெரோம் உரோமையை விட்டு நீங்கினார். மார்செல்லாவின் தோழி பவுலாவும் அவரது மகள் யூஸ்தோக்கியமும் பெத்லகேமில் குடியேறினர். மார்செல்லாவையும் அங்கு வருமாறு மடல் எழுதி அழைத்தனர். அவரோ உரோமையிலேயே தங்கிவிட்டார். அவருக்குத் துணையாக அமைந்தவர் பிரின்சிப்பியா என்னும் இளங்கன்னி. இருவரும் நகர்ப்புறத்தே ஒரு நாட்டுப்புற இல்லத்தைத் தேர்ந்து, அதனையே தம் துறவு மடமாக்கிக் கொண்டனர். முதியவர் மகளைக் கண்டடைந்தார். இளையவர் தாயைக் கண்டடைந்தார். அவர்களைப் பின்பற்றிப் பலரும் அவ்வாழ்வைத் தழுவினர்.

410ஆம் ஆண்டில் அலாரிக்கின் படைகள் உரோமையைச் சூறையாடின. வீரர்கள் மார்செல்லாவின் இல்லத்துள் புகுந்து பொன்னைக் கேட்டனர். அவர் தமது முரட்டு ஆடையைச் சுட்டிக்காட்டினார். நம்பாதவர்கள் அவரைத் தடியாலும் சாட்டையாலும் அடித்தனர். அவரோ தமக்காக இரங்கக் கேட்கவில்லை. பிரின்சிப்பியாவைத் தம்மிடமிருந்து பிரிக்க வேண்டாமென்றே அவர்களின் காலில் விழுந்து கண்ணீர் சிந்தினார். கல்நெஞ்சமும் கனிந்தது. இருவரும் புனித பவுல் பேராலயத்தில் அடைக்கலமாகச் சேர்க்கப்பட்டனர். சிறிது காலத்தில் மார்செல்லா தம் தோழியின் கரங்களிலேயே உயிர் துறந்தார். பிரின்சிப்பியாவுக்கு ஜெரோம் எழுதிய மடலே இவற்றை நமக்கு அறியத் தருகின்றது.

அன்பானவர்களே, அவர்களது இல்லத்தின் சுவர்கள் அன்று அவர்களைக் காக்கவில்லை. ஆயினும், அந்த எளிய வாழ்வில் அவர்கள் கற்றுக்கொண்டவை காத்தன. உள்ளதை ஏற்கெனவே ஏழைகளுக்கு ஈந்துவிட்டவரிடம் கொள்ளையர் பறிப்பதற்கு ஏதும் இருக்கவில்லை. தம்மிலும் மேலாகத் தோழியை நேசிக்கப் பழகியவருக்கு அடிகூடப் பெரிதாகத் தோன்றவில்லை.

நமது பங்குகளிலும் கணவரை இழந்தோர், உறவுகள் தூரமாகிவிட்டோர் எனத் தனித்து வாழும் சகோதரிகள் பலர் உளர். ஆண்துணையின்றி எவ்வாறு வாழ்வர் என ஊரார் கேட்கலாம். ஒருவர் மற்றவருக்குத் துணையாகி ஒரே அடுப்பில் சமைத்து ஒரே விளக்கின் முன் செபிக்க முன்வரும் பெண்களை நாம் ஐயத்தோடு நோக்காதிருப்போம். அவர்களின் வாசலுக்கு நாமும் ஒருமுறை சென்று வருவோம். அங்கே இறைவன் ஒரு குடும்பத்தை உருவாக்கிக் கொண்டிருக்கக்கூடும்.