போலீஸ் 'ஜீப்'புக்குப் பெயர் வைத்தது பாப்பாய் கார்ட்டூனா? ஒரு பெயர் பேச்சுவழக்கில் கலப்பது எப்படி?

தெருவில் போலீஸ் வண்டி வந்து நின்றால், 'ஜீப் வந்திருக்கு' என்றுதான் சொல்வோம். வந்தது பொலிரோவா, சுமோவா என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. ஆனா, இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கார்ட்டூன் பிராணி வாலாட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் நம்புவீர்களா?

யார் அந்த 'ஜீப்'?

பசலைக்கீரை சாப்பிட்டதும் கை புடைக்கும் பாப்பாயைப் பலருக்கும் தெரியும். அமெரிக்க ஓவியர் இ.சி.சீகர், செய்தித்தாளில் வரைந்துவந்த 'திம்பிள் தியேட்டர்' என்ற சித்திரத் தொடரில் 1929-ல் அறிமுகமான மாலுமி அவர். அதே தொடரில் 1936-ல் புதிதாக ஒரு பிராணி வந்தது. பெயர் 'யூஜின் தி ஜீப்'.

நாய் அளவுதான் இருக்கும். ஆர்க்கிட் பூதான் சாப்பாடு. வாயைத் திறந்தால் வருவது 'ஜீப்' என்ற ஒரே சத்தம். ஆனா சுவரே குறுக்கே நின்றாலும் புகுந்து போய்விடும். சின்ன உருவம், போகாத இடமே கிடையாது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராணுவ வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது எப்படி?

1940-ல் ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்த நேரம். கரடுமுரடான பாதையிலும் ஓடக்கூடிய, எடை குறைந்த வண்டி வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் கேட்டது. பான்டம் என்ற சிறிய நிறுவனம் அந்த ஆண்டு செப்டம்பரில் முதல் மாதிரியைக் கொடுத்தது. பிறகு வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளைத் தயாரித்தன.

ராணுவக் கோப்பில் அதன் பெயர் 'கால் டன் டிரக்', கூடவே 'நான்கு சக்கர இயக்கம்' என்ற அடைமொழி வேறு. அவசரத்துக்கு இதை யார் சொல்லிக்கொண்டிருப்பது? வீரர்கள் வாயில் 'ஜீப்' நின்றது.

அப்படியென்றால் 'ஜி.பி.' கதை பொய்யா?

'பொதுப் பயன்பாடு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளான 'ஜி.பி.'தான் ஜீப் ஆனது என்று பள்ளியிலேயே கேட்டிருப்போம். ஃபோர்டு தன் வண்டிக்கு 'ஜி.பி.' என்று குறியீடு வைத்திருந்ததும் உண்மை. ஆனா அதில் 'ஜி' என்பது அரசு ஒப்பந்த வண்டி என்பதையும், 'பி' என்பது 80 அங்குலச் சக்கர இடைவெளியையும் குறித்தது.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: மூலம் 'ஜி.பி.' எழுத்துகள், அதன்மேல் யூஜினின் தாக்கம். எழுத்து எங்கிருந்து வந்தாலும், அந்த ஒலியை மக்கள் காதுக்கு ஏற்கெனவே பழக்கி வைத்திருந்தது கார்ட்டூன்தான்.

எல்லாக் கார்ட்டூன் பெயரும் ஒட்டுமா?

ஒட்டாது. அதற்கு மூன்று விஷயங்கள் கூடிவர வேண்டும். ஒன்று, அந்தப் பாத்திரத்துக்குச் சட்டென்று நினைவுக்கு வரும் ஒரே ஒரு குணம் இருக்க வேண்டும். இரண்டு, அதே குணமுள்ள ஒரு பொருளோ ஆளோ சரியான பெயர் இல்லாமல் இருக்க வேண்டும். மூன்று, சொல் சின்னதாக, வாயில் சுலபமாக வர வேண்டும். ஜீப்புக்கு மூன்றும் அமைந்தன.

ஒட்டிய பிறகு சொல் தனியாகப் பயணம் போகத் தொடங்கிவிடும். 1940-களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. பிலிப்பைன்ஸில் அமெரிக்க ராணுவம் விட்டுச்சென்ற ஜீப்புகளை நீட்டிப் பயணிகள் வண்டியாக்கி, 'ஜீப்னி' என்று பெயரிட்டார்கள்.

பெயர் யாருக்குச் சொந்தம்?

வீரர்கள் வாயில் பிறந்த இந்தப் பெயரை 1950-ல் வில்லிஸ் நிறுவனம் வணிகக் குறியீடாகப் பதிவு செய்துகொண்டது. ஜீப்பை உருவாக்கியதே தாங்கள்தான் என்ற தோரணையில் அந்த நிறுவனம் விளம்பரம் செய்ததற்கு, 1948-லேயே அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தடை போட்டிருந்தது. சீகருக்கோ இது எதுவும் தெரியாது. வண்டி பிறப்பதற்கு முன்பே, 1938-ல் அவர் இறந்துவிட்டார்.

சட்டப்படி பெயர் இன்றும் ஒரு நிறுவனத்திடம்தான் இருக்கிறது. ஆனா பேச்சுக்குப் பதிவு அலுவலகம் கிடையாது. நம் ஊரில் எந்த நிறுவனத்தின் வண்டியில் போலீஸ் வந்தாலும் அது ஜீப்தான்.

மனிதர்கள் மேல் ஒட்டினால்?

இங்கேதான் கொஞ்சம் கவனம் தேவை. 1924-ல் எச்.டி.வெப்ஸ்டர் என்ற அமெரிக்க ஓவியர், எதற்கெடுத்தாலும் பயப்படும் 'காஸ்பர் மில்க்டோஸ்ட்' என்ற பாத்திரத்தை வரைந்தார். இன்று அந்தத் தொடரைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஆனா எதிர்த்துப் பேசத் தெரியாத ஆளை ஆங்கிலத்தில் இன்னமும் 'மில்க்டோஸ்ட்' என்கிறார்கள். படம் மறந்துபோச்சு, பட்டம் மட்டும் மிச்சம்.

நம் பள்ளிகளிலும் இதே கதைதான். சேட்டைக்காரப் பையன் 'ஷின்சான்'. கண்ணாடி போட்ட பையன் 'நோபிடா'. கூப்பிடுகிறவர்களுக்கு அது விளையாட்டு. ஆனா டோரேமான் தொடரில் வரும் நோபிடா கண்ணாடி மட்டும் போட்டவன் இல்லை. தேர்வில் பூஜ்ஜியம் வாங்குபவன், அடி வாங்கி அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடுபவன். பெயர் ஒட்டும்போது அந்தக் குணங்களும் சேர்ந்தே ஒட்டிக்கொள்கின்றன.

எந்தப் பெயர் சொன்னாலும் வண்டிக்கு வலிக்காது. வகுப்பில் ஒரு பிள்ளை அந்தப் பெயருக்குச் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்க்கிறதா, தலையைக் குனிந்துகொள்கிறதா என்பதை மட்டும் பக்கத்தில் இருப்பவர்கள் கவனித்தால் போதும். அது விளையாட்டா, வதையா என்று அந்த முகமே சொல்லிவிடும்.