மாசம் எவ்வளவு வரும்?

எங்கள் வீட்டு ரவுட்டருக்குப் பக்கத்தில் உள்ளங்கையில் அடங்குகிற கணினி ஒன்று இரவுபகலாக ஓடுகிறது. ராஸ்பெர்ரி பை 4, 8 ஜிபி ரகம். அதோடு யூஎஸ்பி கேபிளில் 1 டிபி எஸ்எஸ்டி. சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயர்க்காரர் 2009 ஜனவரி 3-ஆம் தேதியிட்டு உருவாக்கிய முதல் பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) தொடங்கி, இன்றுவரை பதிவான அத்தனை பிட்காயின் பரிவர்த்தனைகளும் அதில் இருக்கின்றன. இதைத்தான் நோடு என்கிறார்கள்.

"மாமா, இதுல மாசம் எவ்வளவு வரும்?" என்று கேட்டான் அக்கா மகன். ஒரு பைசாகூட வராது என்றதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

மைனிங் வேறு, இது வேறு. போட்டி போட்டுப் புதிய பிளாக்கை உருவாக்கி, ஜெயித்தால் காயின் வாங்குவது மைனர்களின் தொழில். அதற்கென்றே செய்த இயந்திரங்கள் கிடங்கு கிடங்காக மின்சாரத்தைக் குடிக்கும். நோடின் வேலை சரிபார்ப்பது மட்டும்தான். ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் வரும். கையெழுத்துகள் சரியா, ஒரே காயினை இரண்டு தடவை செலவழித்திருக்கிறார்களா, மைனர் எடுத்துக்கொண்ட சன்மானம் விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும். 2024 ஏப்ரலிலிருந்து அந்தச் சன்மானம் பிளாக்குக்கு 3.125 காயின், பரிவர்த்தனைக் கட்டணம் தனி. ஒன்று பிசகினாலும் அந்த பிளாக்கைத் தள்ளிவிடும், எவ்வளவு பெரிய மைனர் அனுப்பியிருந்தாலும் சரி. ஏலச்சீட்டுக் கணக்குப் புத்தகம் சீட்டுப் பிடிப்பவரிடம் மட்டும் இல்லாமல், சீட்டுக் கட்டுகிற ஒவ்வொருவர் வீட்டிலும் இருந்தால் எப்படியோ, அப்படி.

எந்த விதி செல்லும் என்பதும் நோடு ஓட்டுகிறவர்கள் கையில்தான். 2010 ஆகஸ்ட் 15 அன்று பிட்காயின் மென்பொருளில் இருந்த ஓட்டை ஒன்றால் 18,400 கோடி காயின் திடீரென்று முளைத்தது. மொத்தமே 2.1 கோடிக்கு மேல் வரக்கூடாது என்பது விதி! சில மணி நேரத்திலேயே திருத்திய மென்பொருள் வந்தது. ஆனால் அதை யாரும் யார் கணினியிலும் திணிக்க முடியாது. நோடு ஓட்டியவர்கள் தாங்களாக மாற்றிக்கொண்டார்கள். அந்தப் போலிக் காயின்கள் இல்லாத பிளாக் சங்கிலியே நிலைத்தது. 2017-இல் பல நிறுவனங்களும் மைனர்களும் கூடி பிளாக் அளவைப் பெருக்கத் திட்டமிட்டபோதும், நோடு ஓட்டுகிற பலர் புதிய மென்பொருளுக்கு மாற மறுத்தார்கள். நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது.

செலவுக்கு வருவோம். இந்தப் பெட்டி 10 வாட் இழுக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், இரண்டு மாதத்துக்கு 15 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். மின்கட்டணத்தில் தெரியவே தெரியாது. எஸ்எஸ்டியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மெமரி கார்டில் இத்தனை எழுத்து வேலையைச் சுமத்தினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். முதல் தடவை 600 ஜிபிக்கு மேல் இறக்க வேண்டும். இணையத் திட்டத்தில் டேட்டா வரம்பு இருக்கிறதா என்று முன்னாலேயே பாருங்கள். பழைய கணக்கு முழுவதையும் சரிபார்த்து முடிக்க இந்தச் சின்னக் கணினிக்கு நாள்கணக்கில் ஆகும். நடுவில் கரண்ட் போனால் தரவுத்தளம் கெட்டுப்போகவும் கூடும், ஆகவே ஒரு சிறிய யூபிஎஸ் அவசியம். இடம் போதாதவர்கள் பழைய பிளாக்குகளை அழித்துக்கொண்டே போகும்படி அமைத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரு தடவை இறக்கித்தான் தீர வேண்டும்.

யாருக்கு இது தேவை? சொந்த வாலெட்டில் பிட்காயின் வைத்திருப்பவருக்கு. பணம் வந்ததா என்று ஊர் பேர் தெரியாத சர்வரைக் கேட்க வேண்டாம். தன் பிட்காயின் முகவரிகளையும் அதனிடம் காட்டிக்கொடுக்க வேண்டாம். வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சிலேயே காயினை விட்டுவைத்திருப்பவருக்குப் பெரிய பயன் இல்லை.

நோடை ஓட்டும் பிட்காயின் கோர் மென்பொருள் இலவசம். அதை ஓட்டுவதற்கு பிட்காயின் யாருக்கும் சம்பளம் தருவதில்லை. "பிட்காயின் நோடில் பணம் போடுங்கள், மாதாமாதம் வருமானம்" என்று யாராவது வாசலில் வந்து நின்றால், தயவுசெய்து ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.