மருட்கையும் வாசிப்பின்பமும்: காவிரிக்கரை எழுத்தாளரின் இரு நூல்கள்

அறிவியல் புனைகதையைப் பொழுதுபோக்காகவும் சூழலியல் உரைநடையைப் பயன்கருதிய எழுத்தாகவும் கொள்வது பரவலான வழக்கம். முன்னதில் இன்பம் உண்டு, கனம் இல்லை. பின்னதில் கனம் உண்டு, இன்பம் இல்லை என்பது அதன் உட்கிடை. ஆயின் வாசகர் இவ்விரண்டையும் விரும்பி நாடுவது ஒரே சுவை கருதியே எனலாம். அதனைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மருட்கை என்கிறார். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு நிலைக்களன்களும் வகுக்கிறார். எந்திர மனிதன் தரும் வியப்பு புதுமையின்பாற்படும். பேராறும் மழைக்காடும் பெருமையின்பாற்படும். மண்ணில் வாழும் நுண்ணுயிர் சிறுமையின்பாற்படும். நான்காவதாகிய ஆக்கம், ஒன்று திரிந்து பிறிதொன்றாதல். இரு வகை எழுத்தும் சந்திக்கும் இடம் இதுவே. பூச்சிக்கொல்லிகளின் கேட்டை ஆராய்ந்து ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட நூலே, பறவையொலி அடங்கிப்போன ஒரு கற்பனை ஊரைக் காட்டித்தான் தொடங்குகிறது.

தஞ்சை வட்டாரத்தில் இதற்குரிய நூல் தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ (1971). சிலப்பதிகாரக் கானல்வரியிலிருந்து பெயர் பெற்ற இந்நூல் குடகு முதல் பூம்புகார் வரை ஆற்றைத் தொடர்ந்து செல்கிறது. பயண இலக்கியம் என்னும் அடுக்கில் வைக்கப்படுவதாலேயே ஜானகிராமனின் நாவல்களுக்குக் கிட்டிய ஆய்வுக் கவனம் இதற்குக் கிட்டவில்லை போலும். காவிரி நடுவர் மன்றம் அமைவதற்கு (1990) ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முந்தையது இது. குறுவைக்காக மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது மரபு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளும் அந்நாள் தவறியது. 2012இல் செப்டம்பர் 17 அன்றுதான் அணை திறந்தது. அவ்வாண்டுகளில் மணல் தெரியும் ஆற்றைக் கடந்து சென்று இந்நூலைக் கையிலெடுத்த வாசகருக்கு, நூல் காட்டும் ஆறு வேறோர் உலகத்து ஆறாகத் தோன்றியிருக்கும். நூலில் ஓர் எழுத்தும் மாறவில்லை, திரிந்தது ஆறே.

மறுபுறம், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டும் ஓர் ஆட்சி, பேசிச் சிந்திக்கும் ஜீனோ என்னும் இயந்திர நாய் என அது புனைந்த எதிர்காலம் 2020களின் தொடக்கம். அக்காலம் இப்போது கடந்துவிட்டது. அன்று ஜீனோவின் பேச்சு புதுமையால் வியப்பூட்டியது. இயந்திரத்தோடு உரையாடுவது இயல்பாகிவிட்ட இன்றைய வாசகர் கதையையும் நடப்பையும் ஒப்பிட்டே மகிழ்கிறார். இங்கும் மருட்கையின் நிலைக்களன் புதுமையிலிருந்து ஆக்கத்துக்கு நகர்ந்துள்ளது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். இழவு என்பது தொல்காப்பியர் வகுப்பில் அழுகைக்குரிய நிலைக்களன். எனவே டெல்டா வாசகரின் மருட்கை அழுகையை ஒட்டியே நிற்கும். ஆயினும் ‘நடந்தாய் வாழி காவேரி’யை இரங்கற்பாவாக வாசிப்பது நூலுக்குப் பொருந்தாது. அதன் ஆசிரியர்கள் இழப்பை எண்ணிப் புறப்பட்டவர்கள் அல்லர். ஆற்றைக் காணும் உவகையே அவர்களைச் செலுத்தியது. வறண்ட ஆண்டிலும் அந்நூல் மகிழ்ந்து படிக்கத் தகுவதாய் இருப்பது அவ்வுவகையாலேயே.