எழுத்துப் பிழையும் வாசிப்புப் பிழையும்



வகுப்பில் வாசிப்புப் பாடம் நடத்திய ஆசிரியர் எவரும் இருவகைப் பிழைகளை அறிவர். ஏட்டில் எழுதியிருப்பதே தவறாயிருந்து, மாணவன் அதனை உள்ளவாறே படித்துவிடுதல் ஒன்று. ஏடு சரியாயிருந்தும், அவன் பிறழப் படித்தல் மற்றொன்று. கேட்பவர் காதுக்கு இரண்டும் ஒன்று போலவே ஒலிக்கும். ஆயினும் திருத்தும் வழி வேறு. நம் உடலிலுள்ள உயிரணுக்களும் ஓயாது ஏடு படித்துக்கொண்டே இருக்கின்றன. அவற்றிலும் இவ்விரு பிழைகளும் நேர்வதுண்டு.

1952-ஆம் ஆண்டில் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்னும் ஆய்வாளர் இருவர் நீலகிரி மலைவாழ் மக்களின் குருதியைச் சோதித்தனர். பிராணவாயு குறையும்போது அம்மக்களுள் சிலருடைய சிவப்பணுக்கள் வட்ட வடிவம் இழந்து அரிவாள் போல் வளைவதைக் கண்டனர். ஆப்பிரிக்க மக்களிடையே அறியப்பட்டிருந்த அரிவாளணு நோயின் அடையாளம் இந்திய நாட்டிலும் உண்டென்பது அப்போதுதான் வெளிப்பட்டது. வளைந்த அணுக்கள் நுண்ணிய குருதிக் குழாய்களை அடைத்துக்கொள்ளும், எலும்பிலும் மூட்டிலும் பொறுக்கலாகாத வலி எழும், குருதி குன்றும், உரிய கவனிப்பு இல்லையேல் குழந்தைப் பருவத்திலேயே உயிர் பிரியும். இக்குறையைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்க்கே நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வர். அதோடு மலேரியாக் காய்ச்சலின் கொடுமையிலிருந்து ஓரளவு காப்பும் பெறுவர். மலேரியா மிகுந்த காட்டுப் பகுதிகளில் இக்குறை தலைமுறை தலைமுறையாக நிலைத்ததற்குக் காரணம் இதுவே. இந்திய அரசு இந்நோயை அகற்றுதற்கென 2023-ஆம் ஆண்டில் தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கி, 7 கோடிப் பேரின் குருதியைச் சோதிக்க முற்பட்டது.

இத்துணைத் துன்பத்துக்கும் வேர் யாது? சிவப்பணுவினுள் ஹீமோகுளோபின் என்னும் புரதம் நிறைந்திருக்கிறது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிகளைப் போல் கோக்கப்பட்ட சங்கிலி. ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகள் உள்ளன. அவற்றுள் பீட்டா எனப்படும் சங்கிலியில் மணிகள் 146. நோயாளரிடம் அதன் ஆறாவது மணி மட்டும் மாறியிருப்பதையும், குளூட்டாமிக் அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் வாலின் அமர்ந்திருப்பதையும் வெர்னன் இங்ராம் என்பார் 1957-இல் கேம்பிரிட்ஜில் காட்டினார். ஏனைய 145 மணிகளும் பழுதற்றவை!

மணிகள் எந்த வரிசையில் அமையவேண்டும் என்பது உயிரணுவின் உட்கருவில் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் எழுதப்பட்டுள்ளது. அவ்வேட்டின் எழுத்துகள் நான்கே. அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின் என்பன அவை. நோயாளரிடம் ஆறாவது மணிக்குரிய மூன்றெழுத்துச் சொல்லில் நடு எழுத்து ஒன்று மாறியிருக்கிறது. 'மரம்' என்பதில் நடு எழுத்து மாறி 'மறம்' ஆவது போன்றது இது.

புதுவை நேயர்களுக்கு அடுத்த படியை விளக்குதல் எளிது. பிரெஞ்சுச் சட்டப்படி நொத்தேரிடம் பத்திரம் எழுதினால், மூலம் அவர் பேழையிலேயே தங்கும். நம் கைக்கு வருவது பிரதி. உயிரணுவும் அவ்வாறே செய்கிறது. டி.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியேறாது. வேண்டிய பகுதிக்கு மட்டும் ஒரு பிரதி எடுக்கப்படும். தைமினுக்குப் பதில் யுராசில் என்னும் எழுத்தைக் கொண்ட அப்பிரதிக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். இத்தூதன் இருப்பதைச் சோதனையால் 1961-இல் மெய்ப்பித்தவர்களுள் பாரிசிலுள்ள பாஸ்தேர் நிலையத்தைச் சேர்ந்த பிரான்சுவா ழாக்கோபும் ஒருவர். பத்திரப் பிரதியைப் பல்லாண்டு காப்பர். தூதனோ வேலை முடிந்ததும் சிதைக்கப்பட்டுவிடுகிறான்.

நான்கு எழுத்துகளைக் கொண்டு இருபது அமினோ அமிலங்களைக் குறிப்பது எங்ஙனம்? இரண்டிரண்டாகச் சேர்த்தால் 16 சொற்களே கிட்டும், போதா. மூன்று மூன்றாகச் சேர்த்தால் 64 கிட்டும். இது கணக்கு, மெய்ப்பு வேண்டுமே. அதனை அளித்தவர்களுள் ஒருவர் ஹர் கோவிந்த் கொரானா. பஞ்சாபில் முல்தானை அடுத்த சிற்றூரில் கிராமக் கணக்கரின் மகனாகப் பிறந்தவர். யுராசில், சைட்டோசின் என்னும் ஈரெழுத்தும் மாறி மாறி வரும் இழையை அவர் செயற்கையாகச் செய்தார். சொல் ஈரெழுத்தால் ஆனதெனில், அவ்விழையில் ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வரும். விளையும் சங்கிலியில் ஒரே வகை மணிதான் இருக்கும். மூவெழுத்தால் ஆனதெனில், யு-சி-யு, சி-யு-சி என இரு சொற்கள் மாறி மாறி வரும். விளைந்த சங்கிலியில் செரைனும் லியூசினும் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்திருந்தன. இத்தகைய சோதனைகள் பலவற்றால் அகராதி முழுமை பெற்றது. 64 சொற்களில் 61 அமினோ அமிலங்களைக் குறிப்பன. எஞ்சிய மூன்றும் முற்றுப்புள்ளிகள். கொரானா 1968-இல் நிரன்பர்க், ஹாலி ஆகியோருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இனி, இப்பிரதியைப் படிப்பது யார்? ரைபோசோம் என்னும் பொறி. அதற்குச் சிறிதும் பெரிதுமாக இரு பாகங்கள் உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய அமினோ அமிலத்தைச் சுமந்துகொண்டு சிறு ஆர்.என்.ஏ.க்கள் வருகின்றன. ஒவ்வொன்றின் ஒரு முனையில் மூன்றெழுத்து. மறு முனையில் சுமை. அம்மூன்றெழுத்தும் தூதனின் சொல்லோடு இணை சேர்கின்றனவா என்று சிறு பாகம் சோதிக்கிறது. சேர்ந்தால் பெரிய பாகம் சுமையை வாங்கிச் சங்கிலியில் கோத்துவிடுகிறது. பாக்டீரியாவில் நொடிக்கு 15 முதல் 20 மணிகள் வரை கோக்கப்படுகின்றன. பிழையோ பல ஆயிரம் மணிகளுக்கு ஒன்றுதான்.

இவ்வளவு விரைவில் இவ்வளவு திருத்தமாகப் படிப்பது எவ்வாறு என்பதைக் கண்ணாரக் காட்டியவர் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். நம் புதுவைக்குத் தெற்கே, கடலூரைக் கடந்ததும் எட்டிவிடக்கூடிய சிதம்பரத்தில் 1952-இல் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோருடன் பரோடா சென்றார். இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றபின், அமெரிக்காவில் மீண்டும் மாணவராக அமர்ந்து உயிரியல் பயின்றார். பட்டம் பெற்றதும் படிப்பு முடிந்ததென்று கருதும் இளைஞர்கள் இதனைக் கருதிப் பார்க்கலாம். ரைபோசோமைப் படிகமாக்கி அதன்மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தி, 2000-ஆம் ஆண்டில் அவர் குழுவினர் சிறு பாகத்தின் அணு அமைப்பை வெளியிட்டனர். அடுத்த ஆண்டே வாசிப்பின் சூட்சுமமும் வெளிவந்தது. ரைபோசோமின் சொந்த ஆர்.என்.ஏ.வில் உள்ள இரண்டு அடினைன்கள் வெளிப்புறம் திரும்பி, இணைந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்ப்பது போல் அளந்து பார்க்கின்றன. முதல் இரண்டு எழுத்துகளில் கண்டிப்பு மிகுதி. மூன்றாம் எழுத்தில் சற்றுத் தாராளம். நான் அறிந்த தேர்வாளர் சிலரும் இத்தகையோரே! 2009-இல் இராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகிய மூவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

இப்போது அரிவாளணு நோயாளரை மீண்டும் நோக்குவோம். அவர்தம் ரைபோசோம்கள் குற்றமற்றவை. எழுதியதைப் பிழையறப் படிக்கின்றன. பிழை ஏட்டில் உள்ளது.

இதற்கு எதிரிடையானது ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தின் செயல். 1943-இல் கண்டறியப்பட்ட இம்மருந்து காசநோயாளர் பலரைக் காப்பாற்றியது. இது பாக்டீரியாவின் ஏட்டைத் தொடுவதில்லை. ரைபோசோமின் சிறு பாகத்தில், மேற்கூறிய சோதனை நடைபெறும் இடத்தருகே ஒட்டிக்கொண்டு, பொருந்தாத சுமையையும் பொருந்தியதென ஏற்கச் செய்கிறது. ஏடு சரி, வாசிப்புப் பிழை. பழுதான புரதங்கள் குவிந்து பாக்டீரியா மடிகிறது. நம் உயிரணுக்களின் ரைபோசோம் சற்றே வேறு வடிவினது. ஆதலின் மருந்து அதில் எளிதில் ஒட்டுவதில்லை.

ஆயினும் ஓர் இடர் உண்டு. நம் உயிரணுக்களில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் உறுப்புக்குத் தனி ஏடும் தனி ரைபோசோமும் உள்ளன; அந்த ரைபோசோம் பாக்டீரியாவினுடையதைப் பெரிதும் ஒத்தது. சிலருக்கு அவ்வேட்டில் ஓரெழுத்து மாறியிருப்பதால் ஒற்றுமை இன்னும் நெருங்கிவிடுகிறது என்பது 1993-இல் தெரியவந்தது. அத்தகையோர்க்கு ஸ்ட்ரெப்டோமைசினோ அதன் இனத்தைச் சேர்ந்த ஜென்டாமைசினோ அளித்தால், பிறர்க்குத் தீங்கிழைக்காத அளவிலேயே செவிப்புலன் நிலையாகக் கெட்டுவிடக்கூடும். எழுத்துப் பிழையே வாசிப்புப் பிழைக்கு வாயில் திறந்துவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் ஏடு தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருவது. எனவே தாயோ, தாய்வழி மாமனோ, பெரியம்மா சிற்றம்மாவோ இவ்வூசிகளுக்குப்பின் செவி இழந்தவராயின், அதனை மருத்துவரிடம் ஊசி போடுமுன்னரே சொல்லிவிடுதல் வேண்டும்.