பைன் மொட்டில் ஒளியும் அந்துப்பூச்சி

மக்காச்சோளத்தை மொட்டையடிக்கும் படைப்புழுவை நம் விவசாயிகள் நன்றாக அறிவார்கள். அதே நாக்டியூடே குடும்பத்தில், ஐரோப்பியப் பைன் காடுகளில் வாழும் ஒன்று பனோலிஸ் ஃபிளாமியா. ‘பைன் பியூட்டி’ என்பது செல்லப்பெயர். ஸ்காட்லாந்து மலைச்சரிவுகளில் மரம் வளர்ப்பவர்கள் அதை அவ்வளவு செல்லமாகச் சொல்வதில்லை.

இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை பழுப்பும் சாம்பலுமாக ஒன்றைப்போலவே மற்றொன்று இருக்கும். சிலவற்றின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இனம் பிரிக்க முடியும். பனோலிஸ் அவ்வளவு படுத்தாது. சிறகு விரிந்தால் 3 முதல் 4 செ.மீ. வரை இருக்கும். முன்சிறகு பெரும்பாலும் செம்மை கலந்த ஆரஞ்சு. ஆனால் நிறத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. பச்சை கலந்த சாம்பல் நிறத்திலும் இது வரும். முன்சிறகில் உள்ள இரண்டு வெளிர்ந்த புள்ளிகளைப் பாருங்கள். ஒன்று நீள்வட்டம், மற்றது சிறுநீரக வடிவம். அந்த இரண்டாவது புள்ளி சிறகின் நுனியை நோக்கி இழுத்துவிட்டதுபோல் நீண்டிருந்தால் சந்தேகம் தீர்ந்தது. மார்ச் முதல் மே வரை பறக்கும். இரவில் வில்லோ மரப் பூக்களைத் தேடி வரும். பகலில் பைன் கிளை நுனியில் சிறகை மடித்து உட்கார்ந்தால், மொட்டு எது பூச்சி எது என்று தெரியாது.

புழுப் பருவத்தில் கால்களை எண்ண வேண்டும். பைன் இலையைத் தின்னும் பச்சைப் புழுக்கள் பல. வயிற்றுப்பகுதியில் இரண்டே ஜோடிப் போலிக்கால்கள் இருந்து, உடலை வளைத்து வளைத்து நகர்ந்தால் அது வேறு குடும்பத்து அளவைப்புழு. ஐந்து ஜோடிக்கு மேல் இருந்தால் அது அந்துப்பூச்சியின் புழுவே அல்ல, ரம்பக்குளவியின் புழு. வளர்ந்த பனோலிஸ் புழுவுக்குச் சரியாக ஐந்து ஜோடி. பச்சை உடலில் வெள்ளைக் கோடுகள், பக்கவாட்டில் ஓர் ஆரஞ்சுக் கோடு.

இப்படிச் சரியாக இனம் காண்பதற்குப் பணமதிப்பு உண்டு. ஸ்காட்லாந்தின் மண்ணுக்கே உரிய ஸ்காட்ஸ் பைனில் இப்பூச்சி பெரும்பாலும் அடங்கியே வாழ்ந்தது. வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த லாட்ஜ்போல் பைனைக் கரிமண் நிலங்களில் ஏக்கர் ஏக்கராக நட்ட பிறகு, 1976இல் அது அங்கே கட்டுக்கடங்காமல் பெருகியது. குஞ்சுப்புழு இளந்தளிரைத்தான் தின்னும்; வளர்ந்ததும் பழைய இலையையும் விடாது. ஆகவே மரம் முழுதும் மொட்டையாகிச் சாகிறது. 1978இல் விமானத்திலிருந்து ஃபெனிட்ரோதியான் என்ற பூச்சிமருந்தைத் தெளிக்க வேண்டியதாயிற்று. மருந்தடிப்பது எளிது, எங்கே, எப்போது என்று தெரிவதுதான் கடினம். அதற்காக ஆண் பூச்சிகளை இனக்கவர்ச்சிப் பொறியில் பிடித்து எண்ணுகிறார்கள். குளிர்காலத்தில் மரத்தடிச் சருகையும் மண்ணையும் கிளறிக் கூட்டுப்புழுக்களையும் எண்ணுகிறார்கள்.