இலவச இடத்தின் மணிக்கணக்கு

‘நோமேட்லேண்ட்’ படத்தைப் பார்த்த வாசகர் ஒருவர் கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய அந்தப் படத்தில், வேனிலேயே வாழும் அறுபதைத் தாண்டிய பெண் ஒரு முகாமில் கழிப்பறை கழுவுகிறார். வண்டி அவருடையது, சாலை எல்லாருக்கும் பொது, போகிற இடமெல்லாம் வீடும் கூடவே வருகிறது. பிறகு ஏன் அந்த முகாமை அண்டி நிற்க வேண்டும் என்பது கேள்வி. வறுமை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லலாம். ஜெசிகா ப்ரூடர் 2017-ல் வெளியிட்ட மூல நூலும் 2008 பொருளாதாரச் சரிவில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியவர்களைத்தான் பின்தொடர்கிறது. ஆனால் ஒழுங்காக ஓய்வூதியம் வருகிற, விலையுயர்ந்த வண்டி வைத்திருக்கிற தம்பதிகளும் அதே முகாம்களில் அதே துடைப்பத்தைப் பிடிக்கிறார்கள். இரு தரப்புக்கும் பொருந்தும் விடை வண்டியின் அடிவயிற்றில் இருக்கிறது.

அமெரிக்கர்கள் ஆர்.வி. என்று சுருக்கிச் சொல்லும் இந்த வீட்டுவண்டிகளில் பெரும்பாலானவை இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் உருவாகின்றன. கட்டில், அடுப்பு, எஞ்சின் எல்லாம் படம் பார்த்தாலே புரியும், அவற்றை விட்டுவிடுவோம். உள்ளே வாழ்பவரின் நாட்களைத் தீர்மானிப்பவை தரைக்கு அடியில் பதித்த மூன்று தொட்டிகள். நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்த, பாத்திரம் கழுவிய நீருக்கு ‘சாம்பல்’ தொட்டி, கழிப்பறைக்குக் ‘கறுப்பு’த் தொட்டி. நடுத்தர வண்டியில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 கேலன், அதாவது 150 லிட்டர் கொள்ளும். அமெரிக்கச் சட்டப்படி ஒரு ஷவர் நிமிடத்துக்கு 2.5 கேலனுக்கு மேல் கொட்டக் கூடாது. அந்த உச்ச வேகத்தில் குளித்தால் 16 நிமிடத்தில் நல்ல தண்ணீரும் தீர்ந்துவிடும், சாம்பல் தொட்டியும் நிரம்பிவிடும். உடம்பை நனைத்துக் குழாயை மூடி, சோப்புப் போட்டுவிட்டு மறுபடி திறக்கும் சிக்கனக் குளியலுக்குப் பழகிய இருவருக்கும் ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பது கடினம். மின்சாரத்திலும் இதே நெருக்கடி. முகாமின் 30 ஆம்பியர் இணைப்பு 120 வோல்ட்டில் 3,600 வாட் தரும். ஏசி, மைக்ரோவேவ், தலை உலர்த்தி மூன்றும் சேர்ந்து ஓடினால் பிரேக்கர் விழுந்துவிடும். பெரிய வண்டிகளுக்கான 50 ஆம்பியர் இணைப்பில் இரண்டு மின்கம்பிகள் சேர்ந்து 12,000 வாட் வருகிறது. ஆக, முகாமில் வாடகைக்கு விடப்படுவது மரநிழலும் ஏரிக்காட்சியும் மட்டுமல்ல. மின்கம்பம், தண்ணீர்க் குழாய், கழிவுநீர்த் துளை, வண்டி சாயாமல் நிற்க ஒரு சமதளம் ஆகிய நான்கையும் சேர்த்துத்தான் விலை.

சூரியத் தகடு போட்டுக்கொண்டு பொதுநிலத்தில் தங்கிவிடலாமே என்று கேட்கலாம். பலர் அப்படியும் வாழ்கிறார்கள். ஆனால் தகடு விளக்குக்கும் மின்விசிறிக்கும் தாராளமாகப் போதும், கழிவுத் தொட்டியை அது காலிசெய்யாது. கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தமான நிலங்களில் பொதுவாக ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தங்க முடியாது, பிறகு வண்டியைக் கிளப்ப வேண்டும். அரிசோனாவின் குவார்ட்சைட் அருகே குளிர்காலம் முழுக்க, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, தங்கிக்கொள்ள அதே துறை 1983-லிருந்து இடம் ஒதுக்கியிருக்கிறது. அதற்குப் பல ஆண்டுகளாக வாங்கிவந்த கட்டணம் 180 டாலர். வெறும் பாலைவனத்துக்கு எதற்குக் கட்டணம் என்றால், அங்கே குடிநீர்க் குழாயும் தொட்டியைக் காலிசெய்யும் நிலையமும் குப்பைத்தொட்டியும் இருக்கின்றன. பாலைவனத்துக்குப் போனவரும் காசு கொடுத்து வாங்குவது குழாயைத்தான்.

இந்த அமைப்பில் என்னை மிகவும் ஈர்ப்பது கறுப்புத் தொட்டியின் வால்வு. முழு இணைப்புள்ள இடத்தில் வண்டிக்கு அருகிலேயே கழிவுநீர்த் துளை இருக்கும், மூன்று அங்குலக் குழாயை அதில் செருகிவிடலாம். குழாய்தான் மாட்டியாயிற்றே, வால்வைத் திறந்தே வைத்தால் கழிவு தானாகப் போய்விடும் என்றுதான் புதிதாக வருகிற எல்லாரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. நீர் மட்டும் வழிந்தோடிவிடும், திடக்கழிவு கழிப்பறைக்கு நேர்கீழே கூம்பாகக் குவிந்து காய்ந்து இறுகிவிடும். இதற்கு வண்டிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பிரமிடு’. வீட்டில் ஒவ்வொரு முறையும் பல லிட்டர் நீர் சரிவான குழாய் வழியே கழிவைத் தள்ளிக்கொண்டு போகிறது. வண்டியில் நீர் சிக்கனம், சரிவும் மிகக் குறைவு. கழிவைச் சுமந்துபோக நீர் வேண்டும், அந்த நீரைத் தேக்கி வைக்க வால்வு மூடியிருக்க வேண்டும். தொட்டி மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பிய பிறகு ஒரே இழுப்பில் திறந்தால், நூறு லிட்டர் நீரின் எடை மொத்தத்தையும் வாரிக்கொண்டு போய்விடும். அதன் பிறகுதான் சாம்பல் தொட்டியைத் திறக்க வேண்டும், அப்போது சோப்பு நீர் குழாயைக் கழுவிவிடும். இந்த வரிசையை மாற்றினால் அழுக்கு குழாயிலேயே தங்கிவிடும். நாற்றத்தை அடக்க ஃபார்மால்டிஹைடு கலந்த திரவத்தை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது நாற்றத்தோடு சேர்த்துக் கழிவை மக்கச்செய்யும் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். ஊருக்கு வெளியே இருக்கும் முகாம்களுக்கு நகராட்சிச் சாக்கடை எட்டாது, சொந்தச் செப்டிக் டேங்க்தான் உண்டு. ஒருவருடைய வண்டியிலிருந்து இறங்கும் ரசாயனம் முகாம் முழுவதன் டேங்கையும் முடக்கிவிடும். இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. பிறகு யாரோ ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு அதைச் சரிசெய்ய வேண்டும்.

அந்த யாரோ ஒருவர்தான் கேம்ப் ஹோஸ்ட். இவரைப் போலச் சொந்த வண்டியை முகாமில் நிறுத்தி, அங்கேயே வேலை செய்து வாழ்கிறவர்களை ‘ஒர்க்கேம்பர்’ என்று அழைப்பார்கள். ஆர்கன்சாஸிலிருந்து 1987-ல் தொடங்கிய ‘ஒர்க்கேம்பர் நியூஸ்’ என்ற இதழ்தான் இவர்களையும் முகாம் உரிமையாளர்களையும் இணைத்துவைத்தது. வந்தவர்களுக்கு இடம் காட்டுவது, புல் வெட்டுவது, கழிப்பறை கழுவுவது, இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் போடுகிறவர்களிடம் தன்மையாகப் பேசுவது எல்லாம் இவர்கள் வேலை. பார்வைக்கு எளிய வேலைகள் சிலவற்றில் நுட்பம் அதிகம். விறகு விற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 2002-ல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்ட மரகதப் பச்சை வண்டினம் ஒன்று கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது. அது தொலைதூரம் பரவிய வழிகளில் முக்கியமானது, முகாமுக்கு வருகிறவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த விறகு. ஹோஸ்ட் உள்ளூர் விறகை விற்று, வெளியூர் விறகை வேண்டாம் என்று சொல்லும்போது அந்தக் காட்டையே காக்கிறார். விருந்தினர் போன பிறகு தீக்குழியில் கிடக்கும் சாம்பலும் அப்படித்தான். மேலே வெளுத்துக் குளிர்ந்து தெரியும், அடியில் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று உறுதிசெய்த பிறகே அள்ள வேண்டும். அவசரப்பட்டு அள்ளியதைக் குப்பையில் போட்டால் குப்பைத்தொட்டி எரியும், காற்று வீசினால் காடு எரியும்.

இத்தனை வேலைக்கும் கூலியாகப் பல முகாம்கள் தருவது ‘இலவச இடம்’. நம் ஊர் அடுக்ககங்களில் மோட்டார் அறையை ஒட்டிய ஒற்றை அறையைக் காவலாளி குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, அதையே காரணம் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பது போன்ற ஏற்பாடு இது. இடத்தைக் கூலியாகத் தருவதில் தவறில்லை. அது எத்தனை மணி நேரத்துக்கு ஈடு என்று எழுதாமல் விடுவதுதான் தவறு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாத வாடகை 600 டாலர் உள்ள இடம், வாரம் 24 மணி நேர வேலை என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 104 மணி நேரம் ஆகிறது. மணிக்கு 5 டாலர் 77 செண்ட் விழுகிறது. கணவனும் மனைவியும் ஆளுக்கு 20 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றால் மணிக்கு ஏறத்தாழ மூன்றரை டாலர்தான். கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து 7 டாலர் 25 செண்டிலேயே நிற்கிறது, அதுவே மிகக் குறைவு என்று பல மாநிலங்கள் தம் பங்குக்கு உயர்த்தியிருக்கின்றன. அதைக்கூடத் தொடாத ஏற்பாட்டை இலவசம் என்று சொல்வது பொருந்தாது.

உரிமையாளர் தரப்பில் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. அந்த இடம் சும்மா கிடக்கும் இடம்தானே, தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் ஆகிற செலவு தவிர நட்டம் என்ன என்பார்கள். இந்த வாதம் அவர்களுக்கே எதிராகத் திரும்புகிறது. செலவு குறைவு என்றால் கூலியில் கழித்துக்கொள்ளும் தொகையும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். 1938-ன் நியாய உழைப்புத் தரச் சட்டம் தங்குமிடத்தைக் கூலியின் பகுதியாகக் கணக்கில் காட்ட அனுமதிக்கிறது, ஆனால் முதலாளிக்கு ஆன நியாயமான செலவு அளவுக்கு மட்டுமே. லாபத்தைச் சேர்த்துக் காட்ட விதி இடம் தரவில்லை. வேலை ஆளிடம் இடத்தின் மதிப்பைச் சந்தை வாடகையில் சொல்லி, அதே இடத்துக்குத் தனக்கு ஒன்றும் செலவாகவில்லை என்று இன்னொரு பக்கம் சொல்ல முடியாது. அதே சட்டத்தில் ஓர் ஓட்டையும் உண்டு. ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் திறந்திராத பொழுதுபோக்கு நிறுவனங்களுக்குக் குறைந்தபட்சக் கூலியிலிருந்தே விலக்கு கிடைக்கிறது. கோடைக் கொண்டாட்டத் திடல்களை மனதில் வைத்து எழுதிய விலக்கு, பனி விழுந்ததும் மூடிவிடும் முகாம்களுக்கும் குடையாகிறது. என் பார்வையில் இந்த விலக்கு நீக்கப்பட வேண்டியது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அவர்களே விரும்பித்தானே வருகிறார்கள், மலையடிவாரத்தில் கோடையைக் கழிக்கும் மகிழ்ச்சிக்கு விலை போட முடியுமா, நாம் யார் கேட்க? விருப்பத்தை நான் சந்தேகிக்கவில்லை. தேசியக் காடுகளில் தொண்டு செய்ய 1972-லிருந்து தனிச்சட்டமே இருக்கிறது. பொதுச் சொத்துக்கு நேரம் கொடுக்கும் மூத்தவர்களை வணங்கலாம். ஆனால் தேசியக் காடுகளின் முகாம்களில் பலவற்றை இன்று நடத்துவது ஒப்பந்தம் எடுத்த தனியார் நிறுவனங்கள். லாப நிறுவனத்துக்குத் தொண்டர் என்று ஒருவர் இருக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் இடமில்லை. விருப்பம் பற்றிய கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985-லேயே விடை சொல்லிவிட்டது. அலமோ அறக்கட்டளை வழக்கில், சம்பளம் இல்லாமல் உணவுக்கும் உடைக்கும் இருப்பிடத்துக்குமாக அதன் கடைகளில் உழைத்தவர்கள், தங்களுக்குக் கூலி வேண்டாம் என்று தாங்களே சாட்சி சொன்னார்கள். அப்படியும், அவர்கள் பெற்றது வேறு வடிவில் வந்த கூலிதான், அவர்கள் ஊழியர்கள்தான் என்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்த்தார்கள். வேண்டாம் என்று சொல்பவருக்குச் சட்டம் பொருந்தாது என்றால், பலமுள்ள முதலாளி எவரையும் அப்படிச் சொல்ல வைத்துவிடலாம் என்பது அவர்கள் காட்டிய காரணம். முகாமில் இந்தப் பலம் வேறெந்த இடத்தையும்விட அதிகம். வேலையை விட்டால் வீட்டின் மின்சாரமும் தண்ணீரும் அன்றைக்கே போய்விடும், நிற்க இன்னோர் இடமும் தேட வேண்டும்.

கூலியும் இடமும் சேர்த்துத் தருவது நடக்காத காரியம் என்றும் சொல்வதற்கில்லை. மினசோட்டாவுக்கும் வடக்கு டகோட்டாவுக்கும் நடுவே ரெட் ரிவர் பள்ளத்தாக்கில் அக்டோபர் தொடக்கத்தில், சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கின் அறுவடை நடக்கும். 12 மணி நேர ஷிப்ட், இரவு பகலாக வேலை. வெயில் ஏறினால் நிறுத்திவிடுவார்கள், சூடான கிழங்கு குவியலில் அழுகிவிடும் என்பதால். சில வாரமே நீடிக்கும் இந்தக் கடும் உழைப்புக்கு வீட்டுவண்டிக்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள். அங்கே மணிக்கூலி தனி, மிகைநேரக் கூலி தனி, வண்டி நிற்கும் இடம் அதற்கு மேல். முதுகு ஒடிகிற வேலைதான், ஆனால் எந்த மணிக்கு எவ்வளவு என்று ஆளுக்குத் தெரியும். கிழங்கு ஆலையால் முடிவதை ஏரிக்கரை முகாமால் முடியாது என்பதற்கு நான் ஒரு காரணமும் காணவில்லை.

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்களில் எவரேனும் ஓய்வுக்குப் பின் இந்த வாழ்க்கையை விரும்பினால், கிளம்பும் முன் மூன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அதில் இடத்துக்காகக் கழிவது எத்தனை, மீதி ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு டாலர். விடுமுறைக்கு வண்டியை வாடகைக்கு எடுத்துப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கறுப்புத் தொட்டியின் வால்வை மூடி வையுங்கள், ஈரத் துடைப்புத் தாளைக் கழிப்பறையில் போடாதீர்கள், தீக்குழியில் புறங்கைக்குச் சூடு தெரியாமல் போகும் வரை தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள்.