குட்டி யானைக்கு டீசலா, பெட்ரோலா?

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலுள்ள நம் அங்கத்தினர்கள் சிறு பாரவண்டி வாங்கக் கருதுங்கால் முதலில் எழும் வினா, டீசலா, பெட்ரோலா என்பதே. கடன்பட்டு வாங்கும் பொருளாதலின், இதனைச் சிறிது ஆராய்வோம்.

2005-ஆம் ஆண்டில் டாட்டா கம்பெனியார் ‘ஏஸ்’ என்னும் வண்டியை வெளியிட்டனர். இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின் கொண்ட அதற்கு மக்கள் ‘குட்டி யானை’ என்று பெயரிட்டனர். அந்நாளில் டீசலின் விலையை அரசாங்கம் கட்டுப்படுத்தி வந்தது. 2012 மே மாதத்தில் டில்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய். டீசலோ 41 ரூபாய். 2014 அக்டோபரில் அக்கட்டுப்பாடு நீங்கியது. 2020 ஜூனில் டில்லியில் டீசல் விலை பெட்ரோலையே விஞ்சிற்று. ஆகவே, ‘டீசல் மலிவு’ என்னும் பழைய எண்ணத்தை மட்டும் நம்பி இன்று வண்டி வாங்கலாகாது.

ஆயினும் டீசலின் சிறப்பு விலையில் மட்டும் இல்லை. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினிலோ, காற்றை மிக அழுத்துவதால் பிறக்கும் வெப்பமே அவ்வேலையைச் செய்கிறது. மிகுந்த அழுத்தத்தால் எரிபொருளின் ஆற்றல் வீணாவது குறைகிறது. மேலும், லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் டீசலில் ஆற்றலும் சற்று அதிகம். குறைந்த வேகத்திலும் பாரத்தை நன்கு இழுக்கும்.

இதற்குரிய விலையும் உண்டு. எஞ்சின் உறுதியாக அமைய வேண்டியிருத்தலால் வண்டியின் விலை கூடுகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் அமலிலுள்ள பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகளுக்கிணங்க, டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைத் தடுக்கும் வடிகட்டி உண்டு. நெடுந்தூரம் ஓடிச் சூடேறினால்தான் அதில் படிந்த கரி எரிந்து தீரும். சிறு தூரமே ஓடி ஓடி நிற்கும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும், செலவு வைக்கும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். டீசல் வண்டிக்கு 50,000 ரூபாய் அதிகம் என்றும், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் மிச்சம் என்றும் கொள்வோம். அதிகப்படி முதல் திரும்ப 50,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆண்டில் 300 நாள், நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் ஓடுவோர்க்கு ஐந்தரை ஆண்டுகள் ஆகும். 100 கிலோமீட்டர் ஓடுவோர்க்கு இருபது மாதங்களே போதும். வாங்குவோர் தத்தம் ஊர் விலைகளை இட்டு இக்கணக்கைப் போட்டுக்கொள்க.

ஆதலின், வில்லியனூரிலிருந்து புதுவை அங்காடிக்குப் பூவும் காய்கறியும், நெசவாளர் வீட்டிலிருந்து துணிக்கட்டும் கொண்டுசெல்வோர்க்குப் பெட்ரோலே ஏற்றது. பாகூர் நெல்லை மூட்டை மூட்டையாக ஏற்றி, நாள்தோறும் வெளியூர் செல்வோர்க்கு டீசல் பயன் தரும்.

மற்றொன்றும் சொல்வோம். ஐவர் ஐந்து வண்டி வாங்கி, அரை நாள் நிழலில் நிறுத்துவதினும், ஐவரும் கூடி ஒரு வண்டியை முழு நாளும் ஓட்டுவது நன்று. ஓட்டம் பெருகினால் முதல் விரைவில் திரும்பும். கடன் தவணையும் ஐந்து பங்காகும். எவ்வெண்ணெய் என்பதை முடிவு செய்யுமுன், எத்தனை பேர் கூடுவது என்பதை முடிவு செய்தல் நலம்.